பாயை ஏற்றச் சொன்னவர் யார்?
கடற்கொந்தளிப்பை எழுதும் முறைகள் பற்றிய ஒரு நோக்கு

1

கடலிற் காற்றுக் கடுக்கும் நாள் இலக்கியத்திற்கு என்றும் உவப்பான பொருளாக இருந்து வந்துள்ளது. கடலறிந்த மக்களின் இலக்கிய மரபுகளுட் புயலில் அகப்பட்ட மரக்கலத்தைப் பாடாதது அரிது. ஆயினும் அந்நாளை எவருடைய நிலையில் நின்று படைப்பாளி காண்கின்றான் என்னும் வினாவை நமது திறனாய்வு போதிய அளவு எழுப்பியதில்லை. கரையில் நின்று பார்ப்பவர், கூலி கொடுத்துப் பயணஞ் செய்பவர், கலத்தின் உடைமையாளர், பாய்க்கயிற்றைக் கையிற் பற்றி நிற்பவர் ஆகிய நால்வருக்கும் காற்று ஒன்றே, அனுபவம் ஒன்றன்று. இந்நால்வருள் எவருடைய அனுபவம் இலக்கியமாகின்றது, எவருடையது ஆகாது போகின்றது என்பது தற்செயலாக அமைவதன்று. அது சமூக உறவுகளால் நிர்ணயிக்கப்படுவது.

இவ்வினாவை யாழ்ப்பாணக் குடாநாட்டில் எழுப்புவதற்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றுண்டு. குடாநாட்டின் எந்த ஊரிலிருந்தும் கடல் தொலைவில் இல்லை. அச்சுவேலியிலிருந்து வடக்கே செல்லும் வீதி சில மைல்களில் தொண்டைமானாற்றையும் அப்பால் வல்வெட்டித்துறையையும் அடைகின்றது. எனினும் அச்சுவேலி கிணற்றுப் பாய்ச்சலையும் தோட்டப் பயிரையும் நம்பிய விவசாயக் கிராமம். அங்குள்ள விவசாயிக்கு வாடைக்காற்று மாரிமழையின் வரவைக் கூறுவது. சில மைல்களுக்கு அப்பாலுள்ள கடற்றொழிலாளிக்கோ அது எந்தக் கரையிற் படகை இறக்கலாம், எந்தக் கரையை விட்டு நீங்கவேண்டும் என்று கூறுவது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்னும் காற்றுப் பெயர்கள் இருவர்க்கும் பொதுவாயினும் அவற்றாற் குறிக்கப்படும் வாழ்க்கை வேறானது. குடாநாட்டின் கல்வியும் எழுத்தும் நீண்டகாலம் நிலவுடைமைச் சாதியினரின் கையில் இருந்தமையால், நமது இலக்கியப் பார்வையும் கடலை நிலத்திலிருந்தே பார்த்துப் பழகியது. நெய்தல் என்றவுடன் இரங்கல் என்று உரிப்பொருள் கூறும் நாம், அவ்விரக்கம் கரையிலிருப்பவளுடையது என்பதை எண்ணுவதில்லை. கலத்தில் இருப்பவனின் உரிப்பொருள் யாது என்று எந்த இலக்கணமும் கேட்டதில்லை.

2

மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதை இவ்விடத்தில் நோக்கத்தக்கது. பொருளைச் சூதிலும் கணிகையிடத்தும் இழந்த சாதுவன், மீண்டும் பொருளீட்டும் நோக்குடன் வணிகரோடு கலமேறுகின்றான். காற்றினாற் கலம் உடைகின்றது. ஒடிந்த மரத்துண்டு ஒன்றைப் பற்றிச் சாதுவன் நாகர் வாழும் மலைப்பக்கஞ் சேர்கின்றான். தப்பிவந்த சிலர் அவன் இறந்தான் என்று ஊரிற் கூற, மனைவி ஆதிரை தீப்புகுகின்றாள். தீ அவளைச் சுடவில்லை. அங்கே நாகர் தலைவனுக்கு அவன்தன் மொழியிலேயே அறங்கூறி, உடைகலத்து வந்தாரைக் கொல்லாதொழியுமாறு கேட்டு, சாதுவன் அவனைத் தன்வழிப்படுத்துகின்றான்.

இக்கதையைப் பௌத்த அறத்தின் வெற்றியாகவும் கற்பின் சிறப்பாகவும் உரைகாரரும் ஆய்வாளரும் விளக்கியுள்ளனர். அவ்விளக்கங்கள் பிழையானவை அல்ல, போதாதவை. கதையின் பொருளியற் கட்டமைப்பு அவற்றிற் புலப்படுவதில்லை. முன்னர் உடைகலத்து வந்தாரைத் தின்று நாகர் கைக்கொண்டிருந்த சந்தனம், ஆடை முதலிய பொருட்குவையை அத்தலைவன் சாதுவனுக்குக் கொடுக்கின்றான். அப்பொருளோடு வேறொரு வணிகனின் கலத்தில் அவன் ஊர் மீள்கின்றான். அஃதாவது, முன்னைய புயல்களில் மாண்டோரின் பொருள் ஒரு வணிகனின் மறுமுதலாகின்றது. வணிகம் புயலில் இழந்ததை வணிகமே மீட்டுக்கொள்கின்றது. உடைந்த அக்கலத்திற் பாய் வலித்தோரும் சுக்கான் பிடித்தோரும் இருந்திருத்தல் வேண்டும். அவர்களுக்கு ஒரு பெயரோ, அவர்கள்தம் மனைவியர்க்கு ஓர் அசரீரியோ காப்பியத்தில் இல்லை. மணிமேகலா தெய்வம் கடலில் இடருறுவோரைக் காப்பது என்பர். காக்கப்பட்டோர் எனக் காப்பியம் நினைவிற் கொள்வது உயர்குடியினரையும் வணிகரையுமே. மணிபல்லவம் நயினாதீவே எனக் கொள்ளும் மரபு நம்மிடையே வலுவாக உள்ளது. அத்தீவைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலில் மரக்கோல் ஊன்றிப் படகு செலுத்தியவர்கள் அக்காப்பியத்தில் எங்குளர் என்று அம்மரபினர் கேட்டாரல்லர்.

வடபுலக் கத்தோலிக்க மக்களிடையே வழங்கிய எஸ்தாக்கியார் கதையில் இதற்கு மாறான ஒரு கூறு உண்டு. அச்சுவேலி ஞானப்பிரகாச யந்திரசாலையை நடத்திய ச. தம்பிமுத்துப்பிள்ளை திருச்செல்வர் காவியத்தை 1896இல் அச்சிட்டு வெளியிட்டவர். கத்தோலிக்கத் தமிழ் எழுத்துக்கு அச்சுவேலி ஒரு நிலையமாக இருந்த காலம் அது. அச்சின் வழியாகவும் கூத்தின் வழியாகவும் பரவிய புனிதர் கதைகளுள் எஸ்தாக்கியார் கதை ஒன்று. உரோமப் படைத்தலைவர் ஒருவர் மனந்திரும்பியபின் செல்வம் அனைத்தையும் இழந்து, மனைவி மக்களோடு எகிப்துக்குக் கலமேறுகின்றார். கப்பற்கூலி கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. கூலிக்கு ஈடாகக் கப்பற்றலைவன் அவர் மனைவியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றான்.

இங்கு இடர் காற்றினால் வந்ததன்று, கூலியினால் வந்தது. கடற்பயணம் என்பது ஒரு கொடுக்கல்வாங்கல் என்பதும், கொடுக்க இல்லாதவன் உடலாற் செலுத்த நேரும் என்பதும் மறைப்பின்றிக் கூறப்படுகின்றன. இக்கதையைக் கூத்தாக ஆடியும் பார்த்தும் வந்தோருட் பெரும்பகுதியினர் கடற்றொழிலாளர் என்பதை நினைவிற் கொண்டால், இக்காட்சி அவர்களிடத்தே ஏற்படுத்தியிருக்கக்கூடிய பாதிப்பை ஊகிக்கலாம். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கி அக்கடனால் ஒரே படகோடு பிணிக்கப்பட்டவனுக்கு, கப்பற்றலைவன் பழைய உரோமத்து மனிதனாகத் தோன்றியிருக்க மாட்டான். கதை இறுதியில் விசுவாசத்தின் சோதனையாக முடிக்கப்படுகின்றது என்பது உண்மை. ஆயினும் சமயச் சட்டகத்தினுள்ளே சமூக உண்மை ஒன்று தங்கிநிற்பதைத் திறனாய்வாளன் தவறவிடலாகாது.

3

ஆதிரையின் கதையை ஒத்த நிகழ்ச்சி ஒன்றை ஈழத்து நவீன நாடகத்திற் காண்கின்றோம். 1971இல் மறைந்த மஹாகவியின் ‘புதியதொரு வீடு’ என்னும் பாநாடகமே அது. கடலுக்குச் சென்ற மீனவன் புயலில் அகப்பட்டுத் திரும்பவில்லை. அவன் இறந்தான் என்றே ஊர் கொள்கின்றது. மனைவி காலப்போக்கில் அவன் தம்பியோடு வாழ்வை அமைத்துக்கொள்கின்றாள். பின்னர் ஒருநாள் அவன் திரும்பி வருகின்றான்.

கடலில் இறந்ததாகக் கருதப்பட்ட கணவன் மீள்தல் என்னும் ஒரே கரு இரு படைப்புகளிலும் உள்ளது. ஆயின் இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு இரு கருத்துநிலைகளின் வேறுபாடாகும். வணிகன் மனைவி ஆதிரை உயிர்விடத் துணிகின்றாள். அவளுடைய அடுத்த நாளைய உணவு பற்றிய கேள்வி காப்பியத்தில் எழுவதில்லை. மீனவன் மனைவிக்கு இறப்பதற்கு அவகாசம் இல்லை. குழந்தை உண்டு, அடுப்பு உண்டு, உழைக்கும் கையொன்றின் தேவையுண்டு. கற்பு என்னும் கருத்து உடைமையுள்ள வர்க்கத்தில் எவ்வளவு முழுமையுடன் இயங்குகின்றதோ, உழைக்கும் வர்க்கத்தில் அவ்வளவு முழுமையுடன் இயங்க முடிவதில்லை. மஹாகவி இதனைப் பிரகடனமாக எழுதவில்லை. பாத்திரங்களில் எவரையும் குற்றவாளியாக்காது, மூவரையும் ஒரு நெருக்கடியினுள் நிறுத்தி, நெருக்கடிக்கு அவர்களுடைய ஒழுக்கம் காரணமன்று என உணரவைக்கின்றார். முற்போக்கு முகாமுக்குள் அவரை முழுமையாக அடக்கிவிட முடியாது என்று கூறுவோருண்டு. முகாம் எதுவாயினும், இந்நாடகத்திற் கடலின் சீற்றம் தெய்வச்செயல் என்னும் நிலையிலிருந்து இறங்கி, ஒரு குடும்பத்தின் வாழ்க்கைக் கணக்கினுள் வந்துவிடுகின்றது. தமிழில் இது ஒரு முன்னேற்றம்.

4

இதுகாறும் கூறியவை பிழைப்புக்காகக் கலமேறியவர்களைப் பற்றியன. இன்பத்திற்காகப் பாய்ப்படகேறித் தீவுதீவாகச் சுற்றுவோரின் எழுத்து வேறொரு வகையானது. இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. அவ்வகையின் உச்சக்கட்டம் பெரும்பாலும் காற்றுக் கடுத்த ஒரு நாளாகவே இருக்கும். பாய் கிழியும், கலம் சரியும், எழுதுபவர் தம்மைத் தாமே கண்டறிவார்.

அவ்வகை எழுத்தாளருள் ஒருவரான வில்லியம் அல்பேட் றொபின்சன் நம்மோடு நேர்த்தொடர்பு உடையவர். 1928இல் நியூயோர்க்கிலிருந்து ‘சுவாப்’ என்னும் 32 அடி அளவான பாய்ப்படகிற் புறப்பட்ட அவர் 1931இல் உலகைச் சுற்றி மீண்டார். பயணத்தின் பெரும்பகுதியில் தாகித்தியைச் சேர்ந்த எற்றேரா என்பவர் உடனிருந்து உழைத்தார். அடுத்த ஆண்டில் வெளிவந்த பயணநூலின் நாயகர் றொபின்சன் ஒருவரே. 1934இல் மனைவி புளோரன்சுடன் கலபாகொஸ் தீவுகளிற் சுற்றிக்கொண்டிருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டது. செய்தி வானொலி வழியே சென்றடைந்ததும் பனாமாவிலிருந்து விமானங்களும் அமெரிக்கக் கடற்படைக் கப்பலும் வந்து அவரைக் காப்பாற்றின. ஓர் உயிர் காக்கப்பட்டது. அதிற் குறைகூற எதுவுமில்லை. நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. இன்பப் பயணியின் துணிவுக்குப் பின்னால் ஓர் அரசின் விமானமும் கப்பலும் நின்றன. நமது கரைகளிலிருந்து கட்டுமரத்திலும் வள்ளத்திலும் சென்று திரும்பாதோரைத் தேடி எத்தனை விமானங்கள் பறந்தன என்று கேட்டாற் போதும். துணிவு என்னும் சொல்லின் வர்க்கப் பொருள் தெளிவாகிவிடும்.

இதே றொபின்சனே வல்வெட்டித்துறையில் 1930இற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் பாய்க்கப்பலை வாங்கியவர். கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். அவர் மனைவி சிக்காகோவிற் பெருந்தொழில் நடத்திய கிறேன் குடும்பத்தைச் சேர்ந்தவர். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் உடன்சென்ற வல்வெட்டித்துறை மாலுமிகளும் 1937இல் இலங்கையிலிருந்து புறப்பட்டு, சுயெஸ் கால்வாயையும் மத்தியதரைக்கடலையும் கடந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஓகத்து 1ஆம் நாள் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர்.

இப்பயணம் இரண்டு வகையாக நினைவுகூரப்படுகின்றது. ஒன்று, கீழைத்தேசத்து அழகிய கலமொன்றைக் கண்டெடுத்துத் தம் நாட்டுக்குக் கொணர்வித்த ஒருவரின் சாகசமாக. மற்றது, நம்மவர் கூறுவது: தமிழரின் கடலோடித் திறனுக்குச் சான்றாக. இரண்டாவது நினைவு முதலாவதற்கு மறுப்பு என்றவகையில் நியாயமுடையது. அடிமைப்பட்டிருந்த நாட்டின் தொழிலாளர் தம் கைத்திறனை உலகறியச் செய்தமை பெருமைக்குரியதே. ஆயினும் பெருமிதம் ஆய்வுக்கு மாற்றாகிவிட முடியாது. அம்மாலுமிகள் என்ன ஒப்பந்தத்திற் சென்றனர், என்ன கூலி பெற்றனர், நடுக்கடலிற் கலத்தின் போக்கை மாற்றும் அதிகாரம் எவரிடம் இருந்தது, அவர்கள் மீளும்வரை வீட்டில் அடுப்பெரிந்தது எவ்வாறு என்பனவற்றை இரு நினைவுகளும் கேட்பதில்லை. சாகசக் கதை மாலுமியைப் பின்னணிக் காட்சியாக்குகின்றது. இனப்பெருமைக் கதை அவனைச் சின்னமாக்குகின்றது. உழைப்பாளி என்னும் நிலையில் அவனை இரண்டும் காண்பதில்லை. நீராவிக் கப்பல்களின் போட்டியினாற் பாய்க்கப்பற்றொழில் நலிந்துவந்த காலத்தில் இக்கலம் விற்பனையாயிற்று என்னும் பொருளியற் பின்னணியும் பேசப்படாமலே போகின்றது.

றொபின்சனின் கடலறிவையோ நெஞ்சுரத்தையோ இங்குக் குறைத்து மதிப்பிடவில்லை. இன்பப் பயணியும் காற்றோடு மெய்யாகவே போராடுகின்றான். ஆனால் அவன் அன்று கரையில் தங்கியிருக்கலாம். தங்காமையே அவன் கதைக்குச் சுவை தருகின்றது. கூலிக்குக் கடலேறுபவன் தங்கினால் அன்றைய நாள் அவனுக்குப் பங்கு இல்லை. ஆகவே அவன் சென்றதை அவனே சாகசம் என்று கருதுவதில்லை. இன்பப் பயண எழுத்தின் கலைவடிவம், தெரிவு செய்யும் உரிமை என்னும் உடைமையின் மேல் எழுப்பப்பட்டது.

5

அவ்வாறாயின் பாய்க்கயிற்றைப் பிடித்தவனின் குரல் எங்கே உள்ளது? ஒரு விடை அம்பாப் பாடல்களில் உள்ளது. வலை இழுக்கும்போதும் படகைத் தள்ளும்போதும் ஒருவர் முன்பாட மற்றையோர் பின்பாடும் இப்பாடல்களின் சந்தம், கைகள் ஒருங்கே இழுக்கவேண்டிய கணத்தால் ஆனது. கவிதையின் தோற்றத்தைக் கூட்டுழைப்பின் லயத்தோடு தொடர்புபடுத்தி விளக்கியவர் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன். அவரிடம் ஆய்வுசெய்து மீண்ட க. கைலாசபதி அம்முறையியலைத் தமிழாய்வுக்கு வழங்கினார். எனினும் அம்பாப் பாடல்களை நாம் நாட்டார் வழக்காற்றுச் சேகரிப்புகளில் அடைத்துவிட்டு, கடலைப் பற்றிய இலக்கியம் எனப் பேசும்போது அவற்றை மறந்துவிடுகின்றோம். இப்பாடல்களில் நீண்ட புயல் வருணனையை எதிர்பார்த்தல் தவறு. கையிற் கயிறு இருப்பவனுக்கு வருணிக்க நேரமில்லை. இடரின் நிழல் அங்கே தெய்வத்தை விளிக்கும் ஒரு குரலிலும், இழுப்பின் வேகம் மாறும் ஓர் இடத்திலும் தங்கிநிற்கும். அதனைக் கேட்கும் செவியைத் திறனாய்வு பயில வேண்டும். பாடும் கைகளுக்கு உரிமையான வலைகள் அரிது என்பதையும் மறத்தலாகாது.

நவீன புனைகதையிற் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973) குறிப்பிடத்தக்கது. பருவம் மாறுகையிற் கரைபெயர்ந்து நெடுந்தீவில் வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவரை அது மையமாக்கியது. காற்றைப் பின்னணியாக அன்றித் தொழிலின் காலக்கணக்காகக் கொண்டமை அதன் சிறப்பு. காதற்கதையின் இழுவையால் அக்கணக்கு இடையிடையே மங்குவது அதன் குறை. 1978இல் அது திரைப்படமானது. தமிழகத்தில் உவரியைச் சேர்ந்த ஜோ டி குரூஸ் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ (2004) இன்னுமோர் அடி முன்வைக்கின்றது. கடலில் அகப்பட்டு மிதந்துகொண்டிருக்கும் மூவரின் நிலையை, அரை நூற்றாண்டு காலப் பரதவர் ஊரின் வரலாற்றோடு மாறிமாறிப் பின்னுகின்றது அந்நாவல். இவ்வமைப்பினாற் கடலின் கொடிய நாள் தனித்து நிற்கும் விபத்தாக இராது, கடன், விலை, கோயில், குடிவழி என்பவற்றின் முழுமையினுள் வைத்துப் புரிந்துகொள்ளப்படுகின்றது. யதார்த்தவாதம் கோருவது இத்தகைய முழுமையையே.

6

இவ்வாய்வுக்கு இலக்கியத்திற்கு அப்பாலும் ஒரு தேவையுண்டு. புயல் என்னும் சொல் நமது எழுத்தில் உருவகமாகவும் பெருகியுள்ளது. போர்க்காலத்தைப் பற்றி எழுதியோரிற் பலர் புயல் வீசியது, அலை அடித்துச் சென்றது என்று எழுதினர். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் பயணஞ் செய்தோர் கொல்லப்பட்டது காற்றினால் அன்று. அது மனிதர் மனிதர்க்குச் செய்த கொலை. போர் நடந்த ஆண்டுகளிற் கடற்றொழிலாளர் கடலிறங்க முடியாமற் பட்டினி கிடந்தது கடலின் சீற்றத்தால் அன்று. தடை விதித்த அதிகாரத்தால். மனிதச் செயலை இயற்கைச் செயலாகக் காட்டும் உருவகம் எத்துணை அழகுடையதாயினும், அது குற்றவாளியை மறைக்கும் திரையாகும். உண்மைப் புயலை விதி என்று எழுதும் பழக்கமே, அரசியற் கொடுமையைப் புயல் என்று எழுதவும் இடமளித்தது.

1964 டிசெம்பர்ப் புயல் பாக்குநீரிணையின் இரு கரைகளையும் தாக்கித் தனுஷ்கோடியை அழித்தது. காற்றை எவரும் ஏவவில்லை. ஆனால் எவர் கரையோரக் குடிசையில் இருந்தார், எவர் கல்வீட்டில் இருந்தார், எவர் அன்றும் கடலுக்குப் போயிருந்தார் என்பனவற்றைக் காற்று தீர்மானிக்கவில்லை. இயற்கை இடரின் விளைவு சமூக உறவுகளின் வழியாகவே மனிதரை வந்தடைகின்றது. இவ்வுண்மையைக் காட்டும் படைப்பே கடலைப் பற்றிய யதார்த்தப் படைப்பாகும்.

எனவே காற்றுக் கடுத்த நாளை எழுதும் எந்தப் படைப்பிடமும் திறனாய்வாளன் மூன்று வினாக்களைக் கேட்கலாம். அன்று பாயை ஏற்றச் சொன்னவர் யார்? அன்று கரையில் தங்கியிருக்க எவருக்கு வசதி இருந்தது? கலம் உடைந்தபின் இழப்பு எவர் கணக்கிற் சேர்ந்தது? இவ்வினாக்களுக்கு விடைதராத படைப்பு அழகற்றதாகிவிடும் என்பதன்று நமது கருத்து. அதன் அழகு எதனை விலக்கியதாற் கிடைத்தது என்று அறிந்து சுவைக்க வேண்டும் என்பதே.

செயல் ஒன்றும் எஞ்சியுள்ளது. பாய்ப்படகிற் காற்றின் கையறிந்து தொழில் செய்தோர் இயந்திரப் படகின் வருகைக்குப்பின் அருகி வருகின்றனர். அவர்தம் நினைவுகளில் உள்ள கொடிய நாட்களை, வீரக்கதையாகவும் விந்தைச் செய்தியாகவும் அன்றி, கூலி, கடன், பங்கு, கட்டளை என்னும் விவரங்களோடு பதிவுசெய்தல் பல்கலைக்கழக மாணவர்க்கு இயலாத பணியன்று. அச்சுவேலி போன்ற விவசாய ஊர்களிலிருந்து வரும் மாணவர் அப்பணியை ஏற்பின், கடலை நிலத்திலிருந்தே பார்த்துவந்த நமது நெடுநாட் பழக்கம் மாறத் தொடங்கும்.